இந்த வருட மிக்குலாஷ்

சமையலறைக் கதவின் பின்னால் மிக்குலாஷின் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. இவெடா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

வெள்ளை அங்கி. பழைய ஜன்னல் திரையை வெட்டி அவளுடைய அம்மா தைத்தது. அம்மா போய்விட்டாள், அங்கி இருக்கிறது. கூடவே அட்டையில் செய்த உயரமான பேராயர் தொப்பி, காதில் மாட்டும் பஞ்சுத் தாடி. டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம் இந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, நீ நல்ல பிள்ளையா என்று கேட்டு, பாட்டு சொன்ன குழந்தைக்கு ஆரஞ்சும் வால்நட்டும் நிறைந்த பையைக் கொடுக்கிற புனித மிக்குலாஷ் இந்த அங்கியில்தான் வருவார். கூடவே பயமுறுத்த ஒரு சாத்தானும், சிறகு கட்டிய ஒரு தேவதையும் வருவார்கள்.

வருடாவருடம் அதற்குள் இருந்தது இவெடாவின் தம்பி ராடிம்.

போன வியாழக்கிழமைக்கு முன்னால் என்றால் அவள் இதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டாள். அன்று ராடிமின் கார் பழுதாகிவிட, அவள்தான் அவனை ப்ருனோ நகரத்துக்கு, மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறான் என்று மட்டுமே அவளுக்குத் தெரியும். அவன் போய் உட்கார்ந்தது பாலியல் மருத்துவப் பிரிவின் கதவுக்கு முன்னால். திரும்பும் வழியில், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்த காருக்குள், அவன் சொன்னான்.

"குழந்தைகளைப் பார்த்தா என் மனசு போகக் கூடாத இடத்துக்குப் போகுதுக்கா. ரொம்ப சின்ன வயசுலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் யாரையும் தொட்டதில்ல. தொட மாட்டேன். தொடக் கூடாதுங்கறதுக்காகத்தான் இங்க வரேன்."

பிறகு இன்னொன்றும் சொன்னான். "டோராவை என்கிட்ட தனியா விட்டுடாதே. நானே கேட்டாலும் விடாதே."

டோரா இவெடாவின் மகள். இப்போது எதிரே உட்கார்ந்து, வாய் நிறைய ரொட்டியோடு சாயங்காலத்துக்கான பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"மிக்குலாஷே மிக்குலாஷே, மூட்டையில என்ன இருக்கு? நான் ரொம்ப நல்ல பொண்ணு, கேட்டுப்பாரு அம்மாகிட்ட."

"கீரையை ஹீட்டருக்குப் பின்னால ஒளிச்சு வெச்ச நல்ல பொண்ணு," என்றபடி இவெடாவின் கணவன் லுபோஷ் உள்ளே வந்தான். போலீஸ் உடையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

டோரா மெல்லுவதை நிறுத்தினாள். "அது மிக்குலாஷுக்குத் தெரியுமா?"

"மிக்குலாஷுக்கு எல்லாம் தெரியும்."

இவெடாவின் கத்தி ரொட்டியில் ஒரு நொடி நின்றது.

லுபோஷ் காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். "உன் தம்பி போன் பண்ணினான். காய்ச்சலாம். இன்னிக்கு வரமாட்டானாம்."

"ஆமா, எனக்கும் சொன்னான்."

"அவனுக்குக் காய்ச்சலும் நாள் பார்த்துத்தான் வருது."

"உடம்பு சரியில்லன்னா என்ன செய்வான்?"

"போன வருஷம் தீயணைப்புக் குழுப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கறதை நடுவுல விட்டான். நேரமில்லையாம். பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல, சாயங்காலம் அவனுக்கு என்ன நேரமில்லாம போச்சு? நம்ம டோராவை ஒரு நாள், ஒரே ஒரு நாள் பார்த்துக்கோன்னு சொன்னா ஆயிரம் சாக்கு. பசங்கன்னாலே ஓடறான் உன் தம்பி."

இந்தக் குறையை இவெடாவே பலமுறை சொல்லியிருக்கிறாள். கல்யாண நாளன்று சினிமாவுக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்து, மாமன் என்று பெயருக்கு ஒருவன் என்று திட்டியிருக்கிறாள்.

"சரி விடு," என்றான் லுபோஷ். "நானே மிக்குலாஷா போறேன். எப்பவும் நான்தானே சாத்தான். ஒரு வருஷம் சாத்தான் இல்லாம இருக்கட்டும், பசங்க நிம்மதியா தூங்கும்."

"அங்கி உனக்கு நீளமா இருக்கும்."

"தூக்கிச் செருகிக்கறேன். தாடிக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது?" ஒரு வாய் குடித்துவிட்டு, டோராவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினான். "நேத்து கமில் ஆளுங்க பக்கத்து ஊர்ல ஒரு பிள்ளைபிடியைப் பிடிச்சாங்களாம். வீடியோ போட்டிருக்கான், பார்த்தியா?"

கமில் நான்காவது மாடிக்காரன். இரண்டு பையன்கள். அவனும் இன்னும் சில அப்பாக்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சிறுமிபோல இணையத்தில் பேசி, வருகிறவனை வளைத்து, அடித்து, படம் எடுத்துப் போடுவார்கள்.

"நீ போலீஸ். அதை நிறுத்த வேண்டாமா?"

"வேணும்தான். ஆனா நாங்க ஒரு வழக்கைக் கட்டி முடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். அவனுங்க ஒரு சாயங்காலத்துல முடிச்சிடறானுங்க. ஸ்டேஷன்ல பாதிப் பேர் உள்ளுக்குள்ள கை தட்டறான்."

"நீ?"

லுபோஷ் எழுந்து தொப்பியை எடுத்தான். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா இவெடா," என்றான். அதுதான் பதில் என்பதுபோல மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனான்.

*

இவெடாவுக்கு ஊர் எல்லையில் இருக்கும் பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் வேலை. லாரிகளில் வரும் பாலில் மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதியம் அவள் சோதனைக் குழாய்களை வெந்நீர்த் தொட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ராடிம் கூப்பிட்டான். கையுறையைக் கழற்றிவிட்டு, தொட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று பேசினாள்.

"அக்கா, நான் வரலன்னு சொன்னது தப்பாயிடுச்சோ?"

"இல்லடா. சரிதான்."

"அத்தான் குரலே சரியில்ல."

"அவர் உன்னைத் திட்டறது புதுசா? இன்னிக்கு அவரே அங்கியை மாட்டிக்கப்போறார். அவருக்கு அது இரவு உடை மாதிரி இருக்கும்."

ராடிம் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"வருஷாவருஷம் அந்தத் தாடிக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்தும்கா. பசங்க என்னைப் பார்த்துப் பயப்படும். எனக்கு என்னைப் பார்த்தே பயம். அதான் வாசப்படி. கவனிச்சிருக்கியா? நான் ஒரு வீட்டுக்குள்ளயும் போனதில்ல. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் நின்னாத்தான் பையையே நீட்டுவேன்."

இவெடாவுக்கு அது தெரியும். எல்லோருக்கும் தெரியும். மற்ற குடியிருப்புகளில் மிக்குலாஷ் வீட்டுக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ரம் கலந்த தேநீர் குடித்துவிட்டு, போகப்போகத் தடுமாறி நடப்பார். இவர்களுடைய மிக்குலாஷ் வாசற்படியைத் தாண்டியதில்லை. இரண்டாம் மாடி ப்ளாஹோவாம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள், நிஜப் பேராயர் மாதிரி எவ்வளவு கௌரவம் பாருங்கள் என்று.

"மருந்து எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"தூக்கம் வருது. தலைக்குள்ள கொஞ்சம் சத்தம் குறைஞ்சிருக்கு. டாக்டர் ஹெட்விகா, முடியலன்னா எந்த நேரமும் கூப்பிடுன்னாங்க."

"கூப்பிடுவியா?"

மறுமுனையில் ஒரு பேருந்து கடந்துபோகும் சத்தம் கேட்டது.

"ராடிம்?"

"கூப்பிடறேன்கா." பிறகு, "அத்தான்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே. சொன்னா அவர் அத்தானா இருக்க மாட்டார், போலீஸா ஆயிடுவார்."

"நீதான் ஒண்ணும் செய்யலியே."

"செய்யலங்கறதை எப்படிக்கா காட்டறது?"

அவன் வைத்துவிட்டான். இவெடா திரும்பி வந்து குழாய்களைத் தூக்கிப் பார்த்தாள். நிறம் மாறியிருந்தது; மருந்து இருந்தால் மாறாது. பால் நல்ல பால். ஆனாலும் அவள் முடிவில் எழுதுவது "இல்லை" என்று அல்ல, "கண்டறியப்படவில்லை" என்றுதான். எந்தச் சோதனையாலும் அதற்கு மேல் சொல்ல முடியாது. இத்தனை வருடமாக இதை யோசிக்காமலே எழுதியிருக்கிறாள். இன்றைக்குப் பேனா நகரவில்லை.

தம்பி சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். எதை வைத்து?

*

டோராவைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு குடியிருப்புக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவில் எங்கோ சங்கிலி கலகலத்தது. வேறு குடியிருப்புச் சாத்தான் கிளம்பிவிட்டான். டோரா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்டில் ப்ளாஹோவாம்மா ஏறினாள். கையில் இஞ்சி ரொட்டித் தட்டு. இரண்டாம் மாடிக்குப் போக வேண்டியவள் பித்தானை அழுத்தாமல் நின்றாள்.

"உன் தம்பி வந்திருக்கானா இவெடா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்." டோராவின் தொப்பிக்கு மேலாக அவள் கண்கள் இவெடாவையே பார்த்தன. "என் தங்கச்சிக்குச் சிறுநீரகத்துல கல்லு. ப்ருனோவுக்குக் காட்டப் போனா, போன வியாழக்கிழமை. உன்னைப் பார்த்தாளாம். உன் தம்பியையும். அவன் எந்தக் கதவுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தான்னும் சொன்னா."

லிஃப்ட் மெதுவாக ஏறியது.

"அங்க போறவங்க எல்லாருக்கும் ஒரே வியாதியா இருக்குமா ப்ளாஹோவாம்மா?"

"நானும் அப்படித்தான் சொன்னேன். பாவம், கல்யாணமாகாத பையன், ஆம்பளைங்களுக்கு வர ஏதோ ஒண்ணா இருக்கும்னு. ஆனா அவன் ஏன் தீயணைப்புப் பசங்களை விட்டான்? ஏன் யார் வீட்டுக்குள்ளயும் வரமாட்டேங்கறான்? கூட்டிப் பார்த்தா..." அவள் தட்டை மறு கைக்கு மாற்றினாள். "நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலம்மா. கமில்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அவனுக்கு ரெண்டு பசங்க இருக்கே."

லிஃப்ட் திறந்தது. இவெடா டோராவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் ப்ளாஹோவாம்மாவின் குரல் கேட்டது. "இஞ்சி ரொட்டி எடுத்துக்கோயேன், குழந்தைக்கு!"

வீட்டில் கதவின் பின்னால் அங்கி இல்லை. லுபோஷின் போலீஸ் உடை நாற்காலியில் மடித்துக் கிடந்தது. மேசைமேல் அவனுடைய போன். மிக்குலாஷின் அங்கியில் போன் வைக்கப் பை கிடையாது.

வழக்கப்படி மேல் மாடியிலிருந்துதான் தொடங்குவார்கள். கீழ்வீட்டுச் சிமோனா தேவதை வேடத்தில் கூடப் போயிருப்பாள். எட்டாவது மாடியா, ஏழாவதா, இப்போது எங்கே இருப்பார்கள்?

ஓட வேண்டும். ஓடிப்போய், அங்கியைக் கழற்று, உன்னை ராடிம் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று லுபோஷ் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். கமிலிடம் போய், அது ராடிம் இல்லை என்றால்? அவர்கள் நேராக ராடிமின் வீட்டுக்குப் போவார்கள்.

இவெடா தன் போனை எடுத்து முதலில் கூப்பிட்டது தம்பியை.

மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "வீட்டை விட்டுக் கிளம்பு, எங்கேயாவது போ" என்று எழுதி அனுப்பினாள். படித்தானா என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மிக்குலாஷ் எப்ப வருவாரு?" என்றாள் டோரா. பாவாடையின் சுருக்கத்தை இழுத்துவிட்டு, வாசலைப் பார்த்துத் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாடிப்படியில் சிமோனாவின் அலறல் கேட்டது.

*

"உள்ளயே இரு. யார் தட்டினாலும் திறக்காத." கதவைப் பூட்டிச் சாவியோடு ஓடினாள்.

ஆறாவது மாடித் திருப்பத்தில் மூன்று ஆண்கள் குனிந்திருந்தார்கள். ஒருவன் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் சிமோனா, அட்டைச் சிறகு ஒன்று ஒடிந்து தொங்க, "விடுங்க, விடுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தாள். படியெல்லாம் ஆரஞ்சுகள் உருண்டு கிடந்தன. ஒரு வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்னப் பையன் வாயைத் திறந்தபடி நிற்க, யாரோ அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

மிக்குலாஷ் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். தாடியின் பஞ்சு ஒரு பக்கம் சிவந்திருந்தது.

"எத்தனை வாசல்ல வந்து நின்னிருப்ப?" கமில் மூச்சு வாங்கினான். அவன் குரலில் அழுகை இருந்தது. "என் பசங்க ரெண்டு பேரும் உனக்குப் பாட்டு சொல்லியிருக்கானுங்கடா!"

அவன் தாடியைப் பிடித்து இழுத்தான். அது கையோடு வந்தது.

போன் பிடித்திருந்தவனின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"லுபோஷ்?" என்றான் கமில்.

லுபோஷ் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். புருவம் கிழிந்திருந்தது. அங்கியின் கையால் அதை அழுத்திப் பிடித்தான்.

"நாங்க... உன் மச்சான்னு நெனச்சு..."

"மச்சானா இருந்தா?"

"இருந்தா அடிச்சிருப்போம்! என்ன பார்க்கற? நீதானே சொன்ன, ஸ்டேஷன்ல எல்லாரும் கை தட்டறாங்கன்னு? போன வாரம், குப்பைத் தொட்டிகிட்ட நின்னு, இதே வாயால சொன்னியா இல்லியா?"

லுபோஷ் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உனக்கு நிஜமாவே தெரியாதாப்பா?" கமில் இவெடாவைக் கையால் காட்டினான். "இவளுக்குத் தெரியும். இவதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா. கேளு. பெத்த பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு இவ மறைச்சிருக்கா. கேளு."

மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள். நடந்து அல்ல, வேகமாக. கீழே முன்வாசல் கதவு அறைந்து சாத்துவது மேலே வரை கேட்டது. எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிமோனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரஞ்சுகளைப் பொறுக்கினாள். "நீ வீட்டுக்குப் போம்மா," என்றான் லுபோஷ் அவளிடம். அவள் போன பிறகு மனைவியைப் பார்த்தான்.

"சொல்லு."

இவெடா சொன்னாள். நின்றுகொண்டே, சோதனை முடிவைப் படிப்பதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக. காருக்குள் அவன் சொன்னது. மருந்து. டாக்டர். டோராவைத் தனியாக விடாதே என்று அவனே கேட்டுக்கொண்டது.

முடிந்ததும் லுபோஷ் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அவன் எதுவும் செய்யலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் சொன்னான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க இவெடா. என் எதிர்ல உட்கார்ந்து ஒவ்வொருத்தனும் அதைத்தான் சொல்றான்."

"இவன் கேக்கறதுக்கு முன்னாடியே வந்து சொன்னான்."

"ஒரு வாரம்! என்கிட்ட ஒரு வாரம் சொல்லல. நான் தகப்பன்."

"நீ காலையில என்ன சொன்ன? எந்தத் தைரியத்துல சொல்லுவேன்?"

லுபோஷின் பார்வை பாதி திறந்து மூடிய அந்தக் கதவுக்குப் போனது. அதன் வாசற்படியில், கால்மிதிக்கு வெளியே, ஒரு பை கவிழ்ந்து கிடந்தது.

"நானும் இன்னிக்கு உள்ள போகல," என்றான். "அவன் மாதிரியே வெளியிலதான் நின்னேன். பசங்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு." சற்று நேரம் அந்தப் படியையே பார்த்தான். "அதுக்குத்தானா? அத்தனை வருஷமும் அதுக்குத்தான் உள்ள வராம நின்னானா?"

இவெடா தலையசைத்தாள்.

"நான் அதைத் திமிருன்னு நெனச்சேன்."

அவன் கைப்பிடியைப் பிடித்து எழுந்தான். தடுமாறினான். அவள் தாங்க வந்தபோது தள்ளவில்லை, சாயவும் இல்லை.

"டோராகிட்ட பேசணும். நானோ நீயோ இல்ல. அதுக்குப் பயிற்சி எடுத்த பொண்ணு ஒருத்தி எங்க ஸ்டேஷன்ல இருக்கா. நாளைக்கே. இதுல நீ குறுக்க நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்," என்றாள். "நானே கேக்கணும்னுதான் இருந்தேன். எனக்கும் தெரியணும்."

"மனசுல நினைக்கறதுக்கு வழக்கு கிடையாது. சட்டப்படி இந்தப் படியில குற்றம் செஞ்சவன் கமில்." அவன் சிரிக்க முயன்றான், புருவம் வலித்து நிறுத்தினான். "கார் சாவியை எடு."

*

டோராவைச் சிமோனாவின் அம்மாவிடம் விட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கேட்டாள். "சாத்தான் அடிச்சுட்டானாப்பா?"

"படியில விழுந்துட்டேன். அங்கி நீளம்."

"மிக்குலாஷ் என் பாட்டைக் கேக்கவே இல்லியே."

லுபோஷ் அவளைப் பார்த்தான். மண்டியிட்டு, ரத்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சொல்லு," என்றான். அவள் சொன்னாள். கீரை விஷயத்தையும் தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

காரில் ஏறிய பிறகும் அவன் அங்கியைக் கழற்றவில்லை. கழற்ற நேரமில்லை. அதன் ஓரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். தெரு முழுக்கச் சாத்தான்களும் தேவதைகளும் குறுக்கே போனார்கள். ரத்தம் படிந்த பேராயரைப் பார்த்து ஒரு சாத்தான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

இவெடா மறுபடி ராடிமைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த முறை எடுக்கப்பட்டது.

"ராடிம்!"

"நான் ஹெட்விகா," என்றது ஒரு பெண் குரல். அவசரமில்லாத குரல். "நீங்க அவரோட அக்காவா? அவர் இங்க மருத்துவமனையில என்கூட இருக்காரு. மதியம் பஸ்ல கிளம்பி வந்துட்டாரு. இன்னிக்கு ராத்திரி இங்கயே தங்கட்டும்னு சேர்த்திருக்கோம். உயிரோட இருக்காரு. இப்போதைக்கு அது போதும். நீங்க வரலாம். ஆனா உங்களைத் தவிர யாரும் வர வேண்டாம்னு சொல்றாரு."

இவெடா போனை மடியில் வைத்தாள். மதியம் கேட்ட பேருந்துச் சத்தம் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"எங்க இருக்கான்?" என்றான் லுபோஷ்.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது பக்கம் போனால் ராடிமின் வீடு. வலது பக்கம் ப்ருனோ சாலை. அவள் கணவனின் கைகளைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களின் இடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. அவை புருஷனுடைய கைகளா போலீஸ்காரனுடைய கைகளா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இவெடா. எங்க இருக்கான்?"

ஒரு வாரம் மறைத்தாயிற்று. அதற்கான விலை அவன் புருவத்தில் இருக்கிறது.

"ப்ருனோவுல," என்றாள். "ஆஸ்பத்திரியில. அவனே போய்ச் சேர்ந்திருக்கான். வலது பக்கம் திரும்பு."

லுபோஷ் நீண்ட மூச்சு ஒன்றை விட்டான். விளக்கு பச்சையானது. அவன் திரும்புவதற்கான விளக்கைப் போட்டான். இடது பக்கம்.

"அங்க அவன் இல்லங்கறேனே!"

"தெரியும்," என்றான் லுபோஷ். வண்டி ஏற்கெனவே திரும்பிவிட்டது. "அவன் வீட்டுக் கதவை இந்நேரம் கமில் உடைச்சுக்கிட்டு இருப்பான்."

சற்று தூரம் போன பிறகு, அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"அங்க அவனோட கம்ப்யூட்டரும் இருக்கு. அதை நான் பார்க்கணும்."